பாட்டனார் கேட்ட படம்

எங்கள் ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மலைச்சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால், பள்ளத்தாக்கின் சரிவில் படிக்கட்டுகளைப் போல் அடுக்கடுக்காக அமைந்த பூண்டு வயல்களும், அவற்றின் நடுவே ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீடுகளும் கண்ணுக்குத் தெரியும். ஊரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அத்திருவுருவத்தை நவபாடாணத்தால் ஆக்கியவர் போகர் என்பது வழிவழியாக வரும் செய்தி. போகர் சீனம் சென்று வாழ்ந்தவர் என்றும் பெரியோர் கூறுவர். ஆதலால் சீனம் என்னும் பெயர் எங்கள் ஊர்ச் சிறுவர்க்குப் பள்ளியில் பூகோளம் படிக்கும் முன்பே பழக்கமானது.

என் பாட்டனார் தச்சர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உளியும் இழைப்புளியும் பிடித்த கை அவருடையது. முதுமையில் அவர் கண்களை நீரழுத்த நோய் பற்றிற்று. போன பார்வையை மீட்க இயலாது, இருப்பதை மருந்தினால் சில காலம் காக்கலாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் கலங்கினோம். பாட்டனாரோ, "பார்க்க வேண்டியவற்றை விரைவாகப் பார்த்துவிட வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

நூலகத்திலிருந்து நான் கொணர்ந்த நூலொன்றில் பீகிங் அரண்மனையின் பழைய படங்கள் இருந்தன. 1406 முதல் 1420 வரை கட்டப்பட்ட அம்மாளிகை அரசரும் அரசரைச் சார்ந்தோருமே வாழ்ந்த இடம். பொதுமக்கள் உள்ளே கால் வைத்தல் ஆகாது. 1900ஆம் ஆண்டுப் போரில் அரச குடும்பம் தலைநகரை விட்டு அகன்றது. அடுத்த ஆண்டு, ஆளற்றுக் கிடந்த அம்மண்டபங்களுக்குள் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஒகாவா கசுமசா தம் கருவியுடன் புகுந்து படம் எடுத்தார். பாட்டனார் ஒரு படத்தை மூக்கருகே வைத்து நெடுநேரம் உற்று நோக்கினார்.

"போதிகைக்கு மேல் போதிகையாக அடுக்கியிருக்கிறான், தம்பி. சுவரின்மேல் பாரமே இல்லை. எல்லாம் தூண்மேல்தான் இறங்குகிறது. ஆனால் மூட்டு தெரியவில்லையே!"

அவர் கூறியது உண்மை. சீனத் தச்சர் அந்தப் போதிகை அடுக்குகளைப் பெரும்பாலும் ஆணியின்றிக் கழுந்தும் துளையுமாகவே கோத்தனர். அது தெரியும் அளவுக்குப் படம் அருகிலிருந்து எடுக்கப்படவில்லை.

"சீனம் போக நம்மால் ஆகாது. பத்மநாபபுரம் போய் வா. அங்கே பூமுகத்து விதானத்தில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இராது என்று இளமையில் ஒரு நாகர்கோவில் தச்சர் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. அதைப் பிடித்து வா. உன் முகம் வேண்டாம்; மரம் வேண்டும்," என்றார்.

அவ்வாறு புறப்பட்டவன், முதல் முறை ஒரு பேதைமை செய்தேன். மலையிறங்கி, மதுரையும் திருநெல்வேலியும் நாகர்கோவிலும் கடந்து தக்கலை சேர்ந்தபோது அன்று திங்கட்கிழமை. அரண்மனைக்கு அன்று விடுமுறை. புறப்படும் முன் கேட்டறியாதது என் குற்றமே. அன்றிரவு நாகர்கோவிலில் தங்கி மறுநாட் காலை மீண்டும் சென்றேன்.

இம்மாளிகை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956இல் அம்மாவட்டம் நம் மாநிலத்தோடு இணைந்தபோதும், அரண்மனையைப் பேணும் பொறுப்பு கேரளத் தொல்பொருள் துறையிடமே நின்றது. மாளிகையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம் என்பர். 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் மாளிகையை விரிவாக்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று.

செருப்பைக் கழற்றிவிட்டு, கருவிக்குரிய தனிக் கட்டணமும் செலுத்தி உள்ளே சென்றேன். பூமுகத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. சீன வணிகர் மன்னருக்கு அளித்த பரிசு அது. விருந்து மண்டபத்தின் பக்கம் சீனத்துப் பெருஞ்சாடிகளையும் காணலாம். ஊறுகாய் வைக்கப் பயன்பட்டவை என்கிறார்கள். இவற்றைப் பார்த்துவிட்டுச் சரிந்த கூரைகளையும் பார்ப்பவர், இவ்வரண்மனையே சீனர் பாணி என்று சொல்லிவிடுகின்றனர். அக்கூற்று எனக்கு உடன்பாடன்று. பெருமழை பெய்யும் நாட்டில் மரத்தால் வீடு கட்டுவோன் கூரையைச் சரித்துத்தான் ஆகவேண்டும். அதைக் கற்பிக்கச் சீனத்திலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. சாடி கடல் கடந்து வந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். விதானம் முழுவதும் பூக்கள்! மரத்தில் மலர்ந்து மரத்திலேயே நின்றுவிட்ட பூக்கள். நடுவே குதிரை விளக்குத் தொங்கிற்று. உடனே கருவியை உயர்த்தி இருபது படங்கள் எடுத்துவிட்டேன். திரையில் பார்த்தபோது ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. உள்ளே இருள், வெளியே கண்கூசும் வெயில். ஒளி குறைந்த இடத்தில் கருவியின் கதவு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் கை சிறிது நடுங்கினாலும் மலர் மங்கிவிடும். மின்னொளியைப் பாய்ச்சினேனாயின் மேடும் பள்ளமும் ஒன்றாகித் தட்டையாகிவிடும். செதுக்கலைக் காட்டுவது பக்கவாட்டில் வரும் ஒளியே.

என்ன செய்வதென்று தோன்றாமல் நின்றபோது, சீனத்துக் கட்டடக்கலை அறிஞர் லியாங் சுசெங், அவர் மனைவி லின் ஹுயின் ஆகியோரைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. 1937இல் வூதாய் மலையில் பழைய மரக்கோயில் ஒன்றின் விதானத்துக்கும் கூரைக்கும் இடைப்பட்ட இருட்டில், வௌவால் கூட்டத்துக்கும் புழுதிக்கும் நடுவே ஊர்ந்து சென்று அவர்கள் அளவெடுத்தார்கள், படமும் எடுத்தார்கள். உத்திரத்தின் அடிப்புறத்தில் மங்கிக் கிடந்த எழுத்துகளைக் கண்டுகொண்டவர் லின் ஹுயின். கோயில் 857இல் எழுந்தது என்பது அதனால் உறுதியாயிற்று. அவர்கள் புழுதியில் ஊர்ந்தார்கள்; நான் ஏன் நிமிர்ந்து நிற்க வேண்டும்?

காவற்பணியில் இருந்த அம்மையாரிடம், "அம்மா, கருவியைத் தரையில் வைத்துக்கொள்ளலாமா? என் பாட்டனார் தச்சர், அவருக்குக் கண் மங்கிவருகிறது," என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டம் போகட்டும், பொறுங்கள்," என்றார். சுற்றுலாக் கூட்டம் நகர்ந்ததும் கருவியை மல்லாக்கத் தரையில் கிடத்தி, பத்து நொடி கழித்துத் தானே இயங்குமாறு அமைத்துவிட்டு விலகி நின்றேன். கை தொடாத கருவி நடுங்கவில்லை. பூக்கள் இதழிதழாகப் பதிந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையில் கருவியைச் சிறிது நகர்த்தி விதானம் முழுவதையும் பகுதி பகுதியாக எடுத்தேன். அவ்வம்மையார் இரண்டு முறை தாமே பயணிகளை வாயிலில் நிறுத்திவைத்தார்.

மாடியில் மந்திரசாலை. அதன் கரிய தளம் கண்ணாடிபோல் மின்னிற்று. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியன கலந்து இழைத்தது என்பர். தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று நுண்ணிய வேலைப்பாட்டுடன் நிற்கிறது. தூணின் அழகில் மயங்காமல், அது உத்திரத்தைத் தாங்கும் இடத்தை மட்டும் நாற்புறமும் எடுத்தேன். என் அருகில் நின்ற இளைஞர் ஒருவர், "மூலையைப் போய் எடுக்கிறீர்களே!" என்று சிரித்தார்.

ஊர் திரும்பும் வழியில் மதுரையில் படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டு வாங்கினேன். மறுநாட் காலை பாட்டனார் திண்ணையில் வெயிலுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். முழு மாளிகையும் தெரிந்த படத்தைக் கொடுத்தேன். அதை ஒதுக்கி வைத்தார். தூணின் தலைப்பகுதியைக் கொடுத்தேன். தாளை அப்படியும் இப்படியும் திருப்பினார். கட்டைவிரலால் மூட்டின் கோட்டைத் தடவினார்.

"இங்கே கத்திமுனை நுழைய இடமில்லை. மரத்தை நன்றாக உலரவிட்டிருக்கிறான். அவசரப்படவில்லை," என்றார். பிறகு என்னை நோக்கி, "இதை எடுக்க நீ மண்டியிட்டாயா?" என்று கேட்டார்.

"ஆம், தாத்தா."

விதானத்தின் படங்களைத் திண்ணையில் வரிசையாக ஒட்டிப் பரப்பினோம். அவர் ஒவ்வொரு மலர்மேலும் விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். ஒன்றைப்போல் ஒன்று இருக்கிறதா என்று ஐயம் எழும்போதெல்லாம் முன்பு பார்த்த மலருக்குத் திரும்பிச் சென்றார். முப்பத்தேழு வரை வந்தபோது மலைமீதிருந்து மூடுபனி இறங்கிற்று. வயல்கள் மறைந்தன, கோயில் மறைந்தது, திண்ணையும் இருண்டது.

பாட்டனார் முப்பத்தேழாம் பூவின்மேல் ஒரு பூண்டுப் பல்லை அடையாளமாக வைத்தார்.

"பனி விலகட்டும். படத்தை எடுத்துவிடாதே," என்றார்.