ஆண்டர்சனின் ஒரே கோல்

பாட்ரிக் ஆண்டர்சன் ஸ்வீடனுக்காக 96 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். 1994 உலகக் கோப்பையில் அந்த நாடு மூன்றாம் இடம் பெற்றபோது பின்வரிசையில் நின்றவர். தடுப்பாட்டக்காரருடைய காரியம் ஒன்றை நடக்காமல் பார்த்துக்கொள்வது. நடக்காமல் போனதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? முப்பது வருஷமாக ப்ரூஃப் பார்ப்பவன் என்ற முறையில் இது எனக்குத் தெரியும். தப்பிப்போன பிழைக்குத்தான் கடிதம் வரும்.

ஜெர்மனியில் மட்டும் எட்டு வருஷம் ஆடினார். முதலில் க்ளாட்பாக், பிறகு பயர்ன் ம்யூனிக். மிஞ்சியது ஒரு நிமிஷம். 19 மே 2001, ஹாம்பர்க். சமன் செய்தாலே பயர்னுக்கு லீக் பட்டம். 90ஆவது நிமிஷத்தில் ஹாம்பர்க் கோல் போட்டுவிட்டது. தன் ஆட்டத்தை முடித்துவிட்ட ஷால்கே வேறொரு ஊரில் கொண்டாடிக்கொண்டிருந்தது. அப்போது, சகா காலால் தள்ளிய பந்தை ஹாம்பர்க் கோலி கையில் எடுத்துவிட்டார். பெனால்டி கட்டத்துக்குள்ளேயே ஃப்ரீ கிக். எஃபன்பெர்க் பந்தை நகர்த்த, ஆண்டர்சன் அடித்தார். நெருக்கி நின்ற அத்தனை பேரையும் கடந்து வலைக்குள் போயிற்று. பயர்னுக்காக அவர் போட்ட ஒரே கோல்.

நான்கு நாள் கழித்து மிலானில், வாலென்சியாவுக்கெதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் பெனால்டிகளில் முடிந்தது. ஆண்டர்சன் அடித்ததை கான்யிஸாரெஸ் தடுத்துவிட்டார். பயர்ன் ஜெயித்ததால் யாரும் அதைப் பேசுவதில்லை.

என் பெயரில் அச்சேறிய கவிதை ஒன்றே ஒன்று. நண்பர்கள் அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அதன் மூன்றாவது வரியில் ஓர் எழுத்துப்பிழை. ப்ரூஃப் பார்த்தவன் நான்தான்.