மன்றோ துரையின் மலை

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் முனகியபடி ஏறும் பஸ், போடிமெட்டைத் தாண்டியதும் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது. ஏலக்காய்த் தோட்டங்கள் விலகி, சீராகக் கத்தரித்த தேயிலைச் செடிகள் சரிவு சரிவாக விரிகின்றன. மூணாறு நெருங்கிவிட்டது. கடைப் பலகைகளில் மலையாளம். டீக்கடைப் பேச்சில் தென் மாவட்டத் தமிழ்.

இந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு குத்தகைப் பத்திரம் இருக்கிறது. திருவிதாங்கூரின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜான் டேனியல் மன்றோ. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரச குடும்பத்தின் கேரள வர்மாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை அவர் குத்தகைக்கு எடுத்தார். பரப்பு 1.3 லட்சம் ஏக்கருக்கும் மேல். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். ஏக்கருக்கு அரையணாகூட இல்லை!

அதிகாரி தோட்டத் துரையானார். 1879இல் நண்பர்களைச் சேர்த்து வடக்குத் திருவிதாங்கூர் நில, தோட்ட, விவசாயச் சங்கத்தைத் தொடங்கினார். காப்பி, சின்கோனா என்று பல பயிர்களை நட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ.எச். ஷார்ப் என்ற துரை பார்வதி எஸ்டேட்டில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை போட்டார். அதுதான் நிலைத்தது. 1890களில் ஃபின்லே கம்பெனி வந்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் துரைமார். காட்டை வெட்டியது யார்? திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. எனவே ஆள் சேர்க்க முன்பணமும் கங்காணியும் தேவைப்பட்டன. பஞ்சமும் கடனும் விரட்ட, தமிழக கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து 'ரோப்வே'யில் தொங்கியபடி போடிப் பக்கம் இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையைத் துடைத்துப் போட்டது. கம்பெனி சாலை போட்டு மீண்டது. தொழிலாளர்கள் லயங்களிலேயே இருந்தார்கள்.

நான்கைந்து தலைமுறைகளுக்குப் பிறகும் அதே வரிசை வீடுகள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே தெருவில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் 20 சதவீத போனஸைப் பெற்றுத் தந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலியானவர்கள் 70 பேர். பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை.

மூணாறு வரும் பயணிகள் தேயிலை மியூசியத்தில் பழைய இயந்திரங்களைப் பார்க்கிறார்கள். துரைமார் காலத்துப் பங்களாக்களில் தங்குகிறார்கள். அதே சரிவுகளில் கூடை சுமந்த பெண் ஓய்வு பெறும்போது லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஒரே கையெழுத்தில் மன்றோவுக்கு ஒரு மலைத்தொடரே கிடைத்தது. அதைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் பேரன் பேத்திகளில் பலருக்கு அங்கே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இன்னும் இல்லை.