மரம் இறக்குதல்

கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அது நிறுத்தப்படுவதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் வீடுகளில் இருந்தது. விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தபின் இங்கிலாந்தெங்கும் பரவியது. வெள்ளைக்காரர்களோடு கப்பலேறி நம்மிடமும் வந்தது. வரலாறு எப்போதும் வருகையோடு நின்றுவிடுகிறது. ஜனவரி பிறந்ததும் அந்த மரம் என்ன ஆகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுவே முக்கியமான கேள்வியாகத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் ஃபிர் மரமும் கிடையாது, பைன் மரமும் கிடையாது. மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. ஒரே ஒரு கடை இருந்த காலத்துப் பெயர் என்பார்கள். 1965இல் விவசாயக் கல்லூரி வந்தது, 2004இல் பக்கத்திலேயே உயர்நீதிமன்றக் கிளை வந்தது. இன்று கடைகளை எண்ணி முடியாது. பெயர் மட்டும் ஒற்றையில் நிற்கிறது. இந்தச் சமவெளியில் டிசம்பரில் நாங்கள் காணும் பனி, மலையின் மத்தகத்தைக் காலையில் கொஞ்ச நேரம் மறைக்கும் மூடுபனிதான். அந்தப் பனிக்கும் ஐரோப்பாவின் பனிக்கும் தமிழில் ஒரே சொல் போதும் என்பதால், பஞ்சைப் பிய்த்து மரத்தில் ஒட்டும்போது எங்களுக்குக் கூச்சம் எதுவும் வந்ததில்லை. மரத்துக்கு, சவுக்குக் கொப்பு.

சவுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்வைக்கு அது ஊசியிலை மரம். உண்மையில் அந்த இனத்தைச் சேர்ந்ததே அல்ல, பூக்கும் தாவரம். இலை என்று நாம் நினைக்கும் பச்சை ஊசிகள், கணுக்கணுவான மெல்லிய சிறு கிளைகள். இலைகளோ அந்தக் கணுக்களில் பல் பல்லாக, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற செதில்களாக ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆக, பைன் வேஷம் போட்ட மரம். ஊரும் வேறு: ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியக் கடற்கரைகளும் அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக் கடற்கரை மணலில் அதைப் பயிரிட்டார்கள். எஞ்சின் விறகை விட்டு நிலக்கரிக்குப் போய், பிறகு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் போயிற்று. சவுக்கு எங்கேயும் போகவில்லை. கல்யாணப் பந்தலுக்கு, கட்டிடச் சாரத்துக்கு, கட்சிக் கொடிக்கு, ஓட்டல் அடுப்புக்கு, கடைசியில் காகித ஆலைக்கு. இந்தப் பக்கத்தின் தாளிலும் கொஞ்சம் சவுக்கு இருக்கலாம். அதை இன்று அந்நிய மரம் என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. யாரும் தீர்மானம் போட்டு அதற்குக் குடியுரிமை வழங்கவில்லை. நட்டு, வெட்டி, எரித்து, வெட்டின இடத்தில் மறுபடி நட்டு நம்முடையதாக்கிக்கொண்டோம்.

அம்மா 'மரம் வைக்கிறது' என்று சொன்னதைவிட 'மரம் எறக்குறது' என்று சொன்னதுதான் எனக்கு அதிகம் ஞாபகமிருக்கிறது. மாதா கோவில் திருவிழாவில் கொடியேற்றம் உண்டென்றால் கொடியிறக்கமும் உண்டு. அந்தக் கணக்கில் வந்த சொல். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 சாயங்காலம் அது நடக்கும். முதலில் பஞ்சை உரிப்பாள். அழுக்குப் படாத பஞ்சு விளக்குத் திரிக்கு, மற்றது தலையணைக்கு. ஜிகினாத் தாளை நகத்தால் நீவிப் பைபிளுக்குள் வைப்பாள். நூல் திரும்பவும் கண்டுக்குப் போகும். குடிலில் இருந்த சுரூபங்கள் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றிக்கொண்டு பிஸ்கட் டின்னில் படுத்துக்கொள்ளும். குடிலில் விரித்த வைக்கோல் பக்கத்து வீட்டு மாட்டுக்கு. சிரட்டைகளில் முளைக்கவைத்திருந்த கேழ்வரகு ஆட்டுக்கு. மிஞ்சுவது கொப்பு. அதை முற்றத்துச் சுவரில் சாத்திவிடுவாள். ஒரு வார வெயிலில் அது பழுப்பாகிவிடும். பொங்கலன்று காலை வாசலில் மூன்று கல் கூட்டி, முதல் தீயை அந்தக் கொப்பில்தான் பற்றவைப்பாள். சவுக்கு பச்சையிலேயே எரியும். காய்ந்ததைக் கேட்க வேண்டாம். பால் பொங்குவதற்குள் கிறிஸ்துமஸ் மரம் முடிந்திருக்கும். சாம்பல் பானை விளக்க.

மேலூரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுக்கு ஒருமுறை இது பொறுக்கவில்லை. "சேசு பாலன் குடிலோரம் நின்னதப் போயி அடுப்புல வைக்கிறியே, இது அடுக்குமா?" என்றாள். அம்மா ஊதுகுழலை எடுத்துவிட்டு, "அதுக்குன்னு குப்பையிலயா போடச் சொல்றக்கா? அடுப்புல வச்சா பொங்கலாச்சும் பொங்கும்" என்றாள். இதற்கு மேல் இறையியல் எதுவும் எங்கள் வாசலில் நிகழவில்லை. ஆனால் எரிப்பதில் அவமரியாதை இல்லை, கைவிடுவதில்தான் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சபையும் இதை அறியாததல்ல. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைக்கிறோம். அடுத்த தவக்காலம் நெருங்கும்போது அந்தக் காய்ந்த ஓலைகளைக் கோவிலுக்குத் திரும்பக் கொண்டுபோகிறோம். அவற்றை எரித்த சாம்பல்தான் நெற்றியில் பூசப்படுகிறது. அந்த நாளுக்குத் திருநீற்றுப் புதன் என்று பெயர். ஓலை பனையிடமிருந்து, சொல் சைவத்திடமிருந்து. சாம்பலாகும் இடத்தில் கடன் வாங்கியது எது, சொந்தம் எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. முளைப்பாரியை நீரில் கரைப்பவர்களுக்கும், கொலு முடிந்து ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு மற்றதைக் கட்டிவைப்பவர்களுக்கும் இது தெரியும். பக்கவாசல் வழியாக வந்த கிறிஸ்துமஸ் மரத்துக்குத்தான் கோவிலில் இப்படி ஒரு முடிவு வகுத்துத் தரப்படவில்லை. அதனால் வீடுகள் தாமே வகுத்துக்கொண்டன.

மரம் புறப்பட்ட நாடுகளிலும் அப்படித்தான். ஸ்வீடனில் ஜனவரி 13 க்னூட் நாள்; அன்று மரத்தின் ஜோடனையைக் கொள்ளையடித்துத் தின்றுவிட்டு மரத்தை வெளியே எறிவார்கள். நம் போகியும் அதையொட்டியே வருவது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். இங்கிலாந்தில் லங்காஷயர் கடற்கரையில் பழைய மரங்களை மணலில் வரிசையாகப் புதைக்கிறார்கள். காற்றோடு வரும் மணல் அவற்றில் தங்கி மேடாகிறது. பெர்லின் மிருகக்காட்சிசாலையில் விற்காமல் மிஞ்சிய மரங்களை யானைகளுக்குப் போடுகிறார்கள். இதைப் படித்தபோது எங்கள் யானையை நிமிர்ந்து பார்த்தேன். மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானையை இறைவன் கல்லாக்கினான் என்பது புராணம். அழிக்க வந்ததாகச் சொல்லப்படும் அதே யானையின் மேல் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன, 770இல் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோவிலும் இருக்கிறது. வந்த கதை பகையாக இருந்தாலும், தங்கிவிட்ட பிறகு அது ஊர்மலை.

அம்மாவின் கடைசி வருஷங்களில் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மரம் கொண்டுவந்தான். ஆறடி. இரும்புத் தண்டு, குடை மாதிரி விரியும் கிளைகள், உதிராத ஊசி. செயற்கை மரம் ஒன்றும் நேற்றைய சமாசாரமல்ல; 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி மரம் செய்திருக்கிறார்கள். ஆனால் இறகு மக்கும். இது பிவிசி. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். மாடு தின்னக் கூடாது, மண் தின்னாது. ஜனவரி 6 அன்று அண்ணன் அதை மடக்கி அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினான். அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். "இதுக்கு எறக்குறதே கெடையாதாடா? ஏத்துறதுதானா?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இதை எழுத்தோடு சம்பந்தப்படுத்தாமல் இருக்க முடியவில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து புதுக்கவிதையை அந்நியச் சரக்கு என்றார்கள். பதில் சொன்னவர்களில் சிலர் சங்கப் பாட்டில் அதற்குப் பூர்வீகம் தேடினார்கள். பூர்வீகம் தேடுவதும் வருகையின் வரலாறுதான். கடன் வாங்கிய வடிவம் நம்முடையதா என்பது அது எங்கிருந்து வந்தது என்பதில் தெரியாது. நம் அடுப்பில் எரிந்ததா, எரிந்து எதையாவது பொங்கவைத்ததா என்பதில்தான் தெரியும். அப்படி எரிந்த கவிதைகள் நம்மிடம் உண்டு. அவற்றில் இறக்குமதியின் ஊசி ஒன்றுகூட மிச்சமில்லை, சூடு மட்டும் இருக்கிறது. பரணில் ஏறிய கவிதைகளும் உண்டு. ஒற்றை நாற்காலி, முறிந்த சிறகு, கண்ணாடிக்குள் இன்னொரு முகம், மௌனம். இதழுக்கு இதழ் அதே பெட்டியைத் திறந்து அதே கிளைகளை விரிக்கிறோம். பசுமை குறையவில்லை என்று சந்தோஷப்படுகிறோம். உதிராத ஒன்றுக்குப் பசுமை ஒரு குணமே அல்ல.

அம்மா இறந்து நான்கு வருஷமாகிறது. மரம் பரணில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சவுக்குக்குத் திரும்புவதுதான் நியாயம் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தோன்றலாம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. எங்கே தூக்கிப் போடுவது என்பது முதல் கேள்வி. அதற்குப் பெரிய கேள்வி, சவுக்குக்கு இப்போது வீடு உண்டா என்பது. எரிவாயு வந்து விறகடுப்பு போயிற்று, முற்றத்துக்குத் தளம் போட்டாயிற்று, பக்கத்து வீட்டு மாடு விற்கப்பட்டு அந்தத் தொழுவத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. கொப்பை வெட்டிக்கொண்டு வந்தால் அது காலையில் வரும் குப்பை வண்டிக்குத்தான் போகும். அப்போது சவுக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். நர்சரிக்காரர் தொட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் தருகிறேன் என்கிறார். அது நார்ஃபோக் தீவின் அராக்கேரியா. தரையில் வைத்தால் அறுபது அடிக்கு மேல் போகும். எங்களுக்கிருப்பது இரண்டு சென்ட், மேலே மின்கம்பி.

முடிவு என்பது பொருளுக்குள் இருக்கும் குணமல்ல. அதை வாங்கிக்கொள்ள ஒரு அடுப்பும் ஒரு மாடும் ஒரு ஆடும் வேண்டியிருந்தது. அவை போனபின் நம்மிடம் ஏற்றுவதற்கு நிறைய இருக்கிறது, இறக்க இடமில்லை. அம்மா இருந்திருந்தால் இதை ஒரு பிரச்னையாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். வருஷத்தில் ஒரு நாள் வாசலில் மூன்று கல் கூட்டுவதை எங்கள் தெரு இன்னும் விடவில்லை. ஆறாம் தேதியிலிருந்து பொங்கல்வரை ஒரு வாரம் கொப்பைச் சாத்திவைக்க மாடிச் சுவர் போதும்.

பெட்டியிலிருக்கும் மரத்துக்கு என்னிடம் இன்னும் வழியில்லை.