பேத்தி கேட்ட அர்த்தம்

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் இருக்கிறதல்லவா? 1872இல் கோக்கர் என்ற வெள்ளைக்கார அதிகாரி மலைச் சரிவின் ஓரமாக அமைத்த நடைபாதை. போன கோடை விடுமுறையில் நானும், என் வீட்டுக்காரரும், பதினொரு வயதுப் பேத்தியும் அங்கே உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் ஹாரி பாட்டர் கதையின் ஆறாவது புத்தகம்.

"பாட்டி, 'ஸ்னாகிங்'னா என்ன?" என்றாள் திடீரென்று.

"வேர்க்கடலை வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தே போய்விட்டார் அவர்!

எனக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் சின்ன வயதில் இப்படித்தான் ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு, அம்மாவிடம் அறை வாங்கினேன். அப்புறம் அவளிடம் நான் எதையுமே கேட்டதில்லை. கல்யாணம் நிச்சயமானபோது மனத்துக்குள் இருந்த பயங்களைக்கூட.

"ஒருத்தரை ஒருத்தர் ஆசைப்பட்ட பெரியவங்க, நேரம் போறது தெரியாம முத்தம் கொடுத்துக்கிறது" என்றேன். சொல்லி முடித்தபோது வானம் இடிந்து விழவில்லை.

கைப்பேசியில் அகராதியைத் தேடினோம். 1940களில் இங்கிலாந்தில் பரவிய கொச்சைச் சொல்லாம். எங்கே முளைத்தது என்பதற்கு அகராதிக்காரர்களே கையை விரித்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து கப்பலேறியது என்றும் ஒரு பேச்சு உண்டாம். யார் கண்டது, இந்த நடைபாதையிலேயே பிறந்திருக்குமோ! கன்னத்தில் பட்டும் படாமலும் கொடுப்பதற்கு 'பெக்' என்று பெயர். கோழி கொத்துகிற மாதிரி.

"தமிழ்லே?"

"சத்தத்தை வச்சு 'இச்'. குழந்தைக்கு 'உம்மா'. ஆனா அம்மா கொடுத்தாலும் ஆசைப்பட்டவங்க கொடுத்தாலும் முத்தம் முத்தம்தான்."

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களில் ஐந்தாவது முத்தப் பருவம் என்பதையும் சொன்னேன். கீழே பழனியில் ஆண்டியாக நிற்கும் அந்த முருகனைக் குழந்தையாக்கி, 'ஒரு முத்தம் தா' என்று கெஞ்சியிருக்கிறார்கள் நம் புலவர்கள்.

"அம்மாகிட்டே கேட்டதுக்குப் புத்தகத்தைப் பிடுங்கி வச்சுட்டா, பாட்டி. இனிமே உன்னைத்தான் கேப்பேன்" என்றாள், என் தோளில் சாய்ந்துகொண்டு.

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தச் சமயம் பார்த்து வேர்க்கடலைப் பொட்டலத்துடன் அவர் வந்து சேர்ந்தார்.

"பாட்டி, தாத்தா உனக்கு..."

நல்ல வேளை! மூடுபனி வந்து எங்கள் மூவர் முகத்தையும் மறைத்துவிட்டது.