சிறு தண்டவாளமும் பெரும் ஆசையும்

விளையாட்டுப் பொருள் வேண்டுமென்று குழந்தைகள் அடம்பிடிப்பது உலக இயல்பு. ஆனால், தலை நரைத்த பெரியோர் ஆண்டுதோறும் பட்டியல் எழுதி, "இந்த எஞ்சினைச் செய்து தாருங்கள், அந்தப் பெட்டியைச் செய்து தாருங்கள்" என்று தொழிலதிபர்களைக் கேட்கிறார்கள் என்றால் நம்மவர் எளிதில் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் எமது தம்பியின் இல்லத்திலே ஒரு வாரம் தங்கியிராவிடின் நாமும் நம்பியிருக்கமாட்டோம்.

தம்பியின் மகனுக்கு வயது 12. அவனுடைய அறையின் சுவரோரமாக நீண்ட பலகையொன்று. அதன்மேல் இரு விரல் அகலமும் இல்லாத தண்டவாளம். அதிலே கையளவான எஞ்சின் பூட்டிய புகையிரதம். நாம் சென்ற மாலையில் அவன் மேசைமுன் அமர்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பாடமென்று எண்ணி எட்டிப் பார்த்தோம். புகையிரதங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"இதென்ன, ராசா?"

"என் ஆசைப் பட்டியல், பெரியப்பா. இன்னும் எந்தெந்த வண்டிகளுக்கு மாதிரி செய்யவேண்டும் என்று வாக்கெடுக்கிறார்கள். நானும் அனுப்பப் போகிறேன்."

தம்பி நகைத்தான். "உள்ளவை ஓடவே இடமில்லை, அண்ணா. இவனுக்கு இன்னும் வேண்டுமாம்" என்றான். நாமும் தம்பியின் பக்கமே நின்றோம். மறுநாள் சனிக்கிழமை. எமது கருத்தை மாற்றியே தீருவதென்று உறுதிபூண்டவன்போலச் சிறுவன் எம் இருவரையும் டிட்கொட் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றான். ரெடிங்கிலிருந்து ஏறக்குறைய 17 மைல். புகையிரதத்திலே கண்ணிமைப்பொழுதுப் பிரயாணம்.

நான்கு மில்லிமீற்றர் உலகம்

வழியிலே அவனே எமக்கு ஆசான் ஆனான். இங்கிலாந்திலே பெரிதும் பயிலும் மாதிரி வண்டிகளில், மெய்யான வண்டியின் ஓரடி 4 மில்லிமீற்றராகச் சுருங்கும். அதாவது 76 இல் ஒரு பங்கு. ஆனால், அவ்வண்டிகள் ஓடும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் அது 18.83 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். இந்தப் பிழை எவ்வாறு நேர்ந்தது? ஐரோப்பாவின் ஏனைய நாடுகளைவிட இங்கிலாந்தின் வண்டிகள் உருவிலே சிறியவை. அக்காலத்து மின்மோட்டார் அந்த வண்டிகளின் சிறு மாதிரிக்குள் அடங்க மறுத்தது. ஆகவே தண்டவாளத்தை அப்படியே விட்டு, வண்டியை மட்டும் சற்றுப் பெருக்கினார்கள். லிவர்பூல் நகரிலே பிராங்க் ஹோர்ன்பி நிறுவிய கம்பெனி 1920 இல் பெரிய அளவு வண்டிகளையும், 1938 இல் இச்சிறிய அளவு வண்டிகளையும் விற்பனைக்கு விட்டது. பெரிய உடலைச் சிறிய பாதங்கள் சுமக்கும் அந்த ஒவ்வாமை இன்றுவரை நீடிக்கின்றது. கண் உறுத்துவோர் தண்டவாளத்தைத் தம் கையாலேயே சரியான அகலத்தில் இட்டுக்கொள்கின்றனர்.

வாக்கெடுப்பின் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. ஒரு மாதிரி வண்டியைச் செய்வதென்றால், முதலிலே பழைய வரைபடங்களைத் தேடவேண்டும். வண்டி எஞ்சியிருந்தால் அளவெடுக்கவேண்டும். பின்னர் உருக்கில் வார்ப்பு அச்சுகளைக் குடையவேண்டும். முதல் வண்டி விற்குமுன்பே பெரும்பணம் அந்த அச்சுகளிலே முடங்கிவிடும். வாங்குவோர் சில ஆயிரம் பேராவது இல்லையென்றால் முதல் திரும்பாது. ஆதலால் எதற்கு எத்தனை பேர் ஏங்குகிறார்கள் என்பதைத் தொழிலதிபர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

அப்பட்டியல்களைப் பார்த்தால் எழுதியவரின் வயதையே சொல்லிவிடலாம் போலும். பிரித்தானியப் பொதுப் புகையிரதப் பாதைகளில் நீராவி எஞ்சினின் வழக்கமான ஆட்சி 1968 ஓகஸ்ட் மாதத்துடன் முடிந்தது. அதனைச் சிறுவயதிற் கண்டவர் நீராவி எஞ்சினைக் கேட்பர். அவருக்குப் பின் வந்தவர் நீலநிற டீசல் எஞ்சினையும், 1976 இல் ஓடத்தொடங்கிய அதிவேக டீசல் வண்டியையும் கேட்பர். எமது மகன் முதலாவதாக எழுதியிருந்ததோ, தான் நாள்தோறும் பள்ளிக்கூடம் போகும் மின்சார வண்டி. ஒவ்வொருவரும் தாம் பன்னிரண்டு வயதில் நின்ற நிலைய மேடைக்கே திரும்பிப் போக விழைகிறார்கள் என்று நினைத்தோம்.

இரும்பிலே நிறைவேறிய ஆசை

டிட்கொட் நிலையத்தை அடுத்தே பழம்பெரும் வண்டிகளின் நிலையம் அமைந்திருக்கின்றது. 1961 இல் பள்ளி மாணவர் நால்வர் தொடக்கிய கிரேற் வெஸ்டேர்ண் சங்கத்தின் இருப்பிடம் அது. மாணவர் நால்வர் என்றதும் சிறுவன் எம்மைப் பெருமிதத்தோடு நோக்கினான்.

அங்கே "லேடி ஒவ் லெஜென்ட்" என்னும் நீராவி எஞ்சினைக் கண்டோம். அதன் கதை கேட்கத்தக்கது. கிரேற் வெஸ்டேர்ண் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டிய "செயின்ற்" வகை எஞ்சின்கள் 77. அவற்றில் இறுதியானது 1953 இல் சேவையிலிருந்து நீங்கியது; ஒன்றேனும் காக்கப்படவில்லை. ஆயினும், முன்னொருகால் 1924 இல், "செயின்ற் மார்ட்டின்" என்ற எஞ்சினின் சக்கரங்களைச் சிறிதாக்கி மாற்றியமைத்தே "ஹோல்" என்னும் அடுத்த வகையைத் தோற்றுவித்திருந்தார்கள். தாயிலிருந்து மகள் பிறந்ததுபோல. சங்கத்தினர் அவ்வழியைத் திருப்பி நடந்தார்கள். தென் வேல்ஸிலே பழைய இரும்புக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த "மெயின்டி ஹோல்" என்னும் எஞ்சினை மீட்டு, பெரிய சக்கரங்களைப் புதிதாக வார்த்துப் பூட்டி, மகளிலிருந்து தாயை மீண்டும் ஆக்கினர். பல்லாண்டு உழைப்பின் பின் 2019 இல் அது நீராவி கக்கி ஓடிற்று.

புரூணல் என்னும் பேரறிஞர் அமைத்த 7 அடியும் கால் அங்குலமும் அகலமான பாதை 1892 இல் முற்றாக ஒழிந்தது. அதன் ஒரு துண்டும் அங்கே மீண்டும் இடப்பட்டுள்ளது. அதன்மேல் நிற்கும் "பயர்பிளை", 1840 ஆம் ஆண்டு எஞ்சினின் வடிவில் 2005 இல் நிறைவுற்ற புது எஞ்சின். எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகிய நீராவிப் பெட்டி வண்டியொன்றும் உண்டு. 1908 இல் கட்டப்பட்டு, பின்னர் எஞ்சினை இழந்து வெறும் பெட்டியாக இழுபட்ட அது, 2011 இல் மறுபடியும் தன் உயிரைப் பெற்றது.

"பார்த்தீர்களா, பெரியப்பா? பட்டியல் எழுதுபவன் நான் ஒருவன் மட்டுமல்லன்" என்றான் சிறுவன். தம்பி வாய்திறக்கவில்லை.

மறைந்த ஊரின் மாதிரி

பிற்பகலிலே சில மைல் தொலைவிலுள்ள லோங் விற்றன்ஹாம் என்னும் சிற்றூருக்கு வாடகைக் காரிற் போனோம். தேம்ஸ் நதியை அண்டிய அவ்வூரிலேதான் பெண்டன் அரும்பொருட்சாலை இருக்கின்றது. அதனை நிறுவியவர் ரோய் இங்கிலண்ட். பெயர் இங்கிலண்ட் ஆயினும் பிறந்த நாடு அவுஸ்திரேலியா. 1925 இல் இளைஞராக இங்கு வந்த அவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என வழங்கும் இந்நாட்டுப்புறத்தின் அழகிலே மனத்தைப் பறிகொடுத்தார். அதே காலத்தில், வைக்கோல் வேய்ந்த பழங்குடிசைகள் ஒவ்வொன்றாக உருமாறி வருவதையும் கண்டு வருந்தினார். தடுத்து நிறுத்தப் பணமில்லை, அதிகாரமில்லை. அட்டையும் நீர்வர்ணமும் கொண்டு குடிசைகளை 4 மில்லிமீற்றர் அளவிலே செய்யத் தலைப்பட்டார். 1954 இல் இவ்வூரிலே அரும்பொருட்சாலை உருவாயிற்று. 1995 இல் அவர் மறையும்வரை அதுவே அவருடைய வாழ்வாயிற்று.

கண்ணாடிக்கு அப்பால் 1920, 1930 ஆம் ஆண்டுகளின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. செங்கற் புகைபோக்கிகள், காய்கறித் தோட்டங்கள், நகக்கண்ணளவு ஜன்னல்கள்! அதன் ஊடே கபிலமும் வெண்மஞ்சளும் பூசிய பெட்டிகளோடு புகையிரதம் செல்கின்றது. வேறோர் அறையிலே டாட்மூர் மலைப்புறமும், புரூணலின் மரப்பாலமும். இன்னோரிடத்திலே ஜோன் ஏஹர்ண் என்பவர் அமைத்த மாதிரிப் புகையிரதப் பாதை. தண்டவாளத்தை மட்டும் போட்டு நிறுத்தாது, அதனைச் சூழ்ந்த ஊரையும் சேர்த்துப் படைத்த முன்னோடி அவர். 1961 இல் அவர் காலமானபின் அது இங்கு வந்து சேர்ந்தது.

அங்கே தொண்டாற்றிய முதியவர் ஒருவரிடம் எமது ஐயத்தை வெளியிட்டோம்: "எஞ்சின்கள்தாம் எத்தனையோ கடைகளிற் கிடைக்கின்றனவே, இன்னும் எதற்காக ஏங்குகிறார்கள்?"

அவர் புன்முறுவல் பூத்து, ஓடும் வண்டியைக் காட்டினார். "எஞ்சினைக் கேட்பவர் பலர், பெட்டியைக் கேட்பவரே இதில் நெடுநாள் ஊறியவர்" என்றார்.

உண்மைதான். எஞ்சின் ஒன்றை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடலாம். பெட்டி அவ்வாறன்று. முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, காட் பெட்டி என்று ஒரு குடும்பமே சேர்ந்தாலன்றி வண்டியாகாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். முற்காலத்து மாதிரிக் கம்பெனிகள், கூரிய வளைவுகளிலே திரும்பவேண்டுமென்று பெட்டிகளின் நீளத்தைக் குறுக்கின. ஒரே பெட்டிக்கு வெவ்வேறு கம்பெனிகளின் நிறங்களைப் பூசி விற்றன. வாங்கியவரும் பொறுத்துக்கொண்டனர். ஆனால் மனம் ஆறவில்லை. எஞ்சினை நாம் வெளியே நின்று பார்த்தோம். பெட்டியிலோ நாமே இருந்தோம், எம்மவர் இருந்தனர். சாளரம் எங்கே இருந்தது, கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதை உடம்பே நினைவில் வைத்திருக்கின்றது. அதிலே பிழை கண்டால் மனம் ஏற்குமா?

எமது பட்டியல்

மாலை வண்டியில் வீடு திரும்பும்போது சிறுவன் பட்டியலை எடுத்து மடியில் வைத்தான். "பெரியப்பா, ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?" என்றான்.

சிந்திக்கவே வேண்டியிருக்கவில்லை. "யாழ்தேவி" என்றோம். தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

1956 ஏப்ரில் மாதம் ஓடத்தொடங்கிய அவ்வண்டியை அறியாத தமிழ்க் குடும்பம் வடபகுதியில் உண்டோ? எமக்கும் பன்னிரண்டு வயது இருந்த காலத்திலே எமது தந்தையார் கொழும்பில் உத்தியோகம் பார்த்தார். விடுமுறை முடிந்து அவர் புறப்படும் நாளில், கொடிகாமம் நிலையத்திலே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வண்டி அசைந்ததும் நாம் எஞ்சினையே பார்ப்போம். தம்பியோ பெட்டிகளை எண்ணுவான். தந்தையார் எத்தனையாவது பெட்டியிலிருந்து கையசைத்தார் என்பதை வீடுவரை சொல்லிக்கொண்டு வருவான். 1990 இல் போர் காரணமாக யாழ்ப்பாணச் சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. 2014 ஒக்டோபரிலே வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது, கையசைக்கத் தந்தையார் இல்லை.

சிறுவன் இவற்றையெல்லாம் கேட்டபின் கணக்கிலே இறங்கினான். "இலங்கையில் பாதையின் அகலம் எவ்வளவு?"

"5 அடி 6 அங்குலம்."

"அப்படியானால் 22 மில்லிமீற்றர். கடையில் உள்ள தண்டவாளம் உதவாது, நாமே இடவேண்டும். பெட்டிகளையும் நாமே செய்யவேண்டும். பெட்டி என்ன நிறம்?"

"மண்ணிறம்" என்றோம் நாம்.

"இல்லை அண்ணா, சிவப்பு" என்றான் தம்பி.

இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். ஒரே மேடையில், ஒரே நாளில், கைகோத்து நின்று பார்த்த வண்டி. ஒருவன் மனத்தில் மண்ணிறமாகவும் மற்றவன் மனத்தில் சிவப்பாகவும் அத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கின்றது. பட்டியல் எழுதுவோரின் அவசரம் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று. எஞ்சியிருக்கும் வண்டியும், வரைபடமும், நிழற்படமும், பார்த்தவரின் நினைவும் உள்ளபோதே கேட்டாகவேண்டும். பிந்தினால் அளவெடுக்க எதுவும் இராது.

சிறுவன் தன் பட்டியலின் கடைசியில் ஒரு கோடு கீறி, அதன்கீழ் "யாழ்தேவி: பெட்டிகள்" என்று எழுதினான். நிறத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டான். அன்றிரவு, உணவு முடிந்தபின், தம்பி மேல்மாடியிலிருந்து பழைய நிழற்படப் பெட்டியொன்றை இறக்கிக்கொண்டு வந்தான். "இவனுக்கு இன்னும் வேண்டுமாம்" என்று முதல் நாள் நகைத்தவன் அவனேதான். மூவரும் நிலத்திலே அமர்ந்து, ஒவ்வொரு படமாக எடுத்து விளக்கொளியிலே பார்க்கத் தொடங்கினோம்.