பெரிய கடிகாரத்தின் கீழே

கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் எவரும் ஹவுரா நிலையத்துப் பெரிய கடிகாரத்தை மறந்திருக்க மாட்டார். இரண்டு முகம் கொண்ட அக்கடிகாரத்தின் அடியில்தான் நம் சங்கத்தார் புதிய மாணவர்களை எதிர்கொண்டு அழைத்து வருவது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வழக்கம் ஒருமுறை தவறியது. தவறியதற்குக் காரணம் நான்தான்.

நண்பர்களே, நடந்ததைச் சொல்கிறேன். வருவோர் பட்டியலை நோட்டுப் புத்தகத்தில் எழுதும் தொல்லை வேண்டாமென்று, ஒரு சிறிய வலைத்தளம் அமைத்துத் தந்தேன். வருகிறவர் தம் பெயரையும், வண்டி சேரும் நாளையும் மணியையும் அதில் நிரப்ப வேண்டியது. அன்றன்று யாரை அழைத்துவர வேண்டுமென்று அது பட்டியல் தரும். முதல் பத்துப் பேரும் குறையின்றி வந்து சேர்ந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

பதினோராவதாக வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து மாணவி. ஆகஸ்டு 2ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு வண்டி ஹவுரா சேரும் என்று எழுதியிருந்தார். என் பட்டியலோ அவரை ஆகஸ்டு 1ஆம் தேதியில் காட்டியது. அதை நம்பி நண்பர் இருவர் 1ஆம் தேதி இருட்டிலேயே போய்க் காத்திருந்தனர். கைப்பேசியில் தொடர்பு கிட்டவில்லை. புறப்படவே இல்லை போலும் என்று எண்ணி, மண்குவளையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினர். மறுநாள் அம்மாணவி இறங்கியபோது கடிகாரத்தின் கீழே ஒருவரும் இல்லை. வங்காளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அவருடைய தந்தை பதறிப்போய் ஊரிலிருந்து செயலாளருக்குத் தொலைபேசியில் பேசிய பிறகே எங்களுக்குச் செய்தி தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. பெண்கள் காத்திருப்பு அறையில் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, நான் தேதி சரியாத்தானே எழுதியிருந்தேன்?” என்றார். அழவில்லை, அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது.

அன்றிரவு உட்கார்ந்து ஆராய்ந்தேன். அவர் எழுதிய நேரத்தை என் நிரல் உலகப் பொது நேரமாக மாற்றித் தரவுத்தளத்தில் சேமித்திருந்தது. அதில் பிழையில்லை; அதுவே நல்ல முறை. நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. ஆகவே 2ஆம் தேதி காலை 4 மணி என்பது உலகப் பொது நேரப்படி 1ஆம் தேதி இரவு 10.30. நாள்வாரியாகப் பிரிக்கும் வினவலில், நம் நேரத்துக்கு மாற்றாமலே தேதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். மணியை மட்டும் திரையில் காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றினேன். தேதி ஒரு நாட்டினது, மணி ஒரு நாட்டினது! முதல் பத்துப் பேரும் பகலில் வந்தவர்கள். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் வருகிறவருக்கே இக்கேடு. ஆகையால் அதுவரை வெளிப்படவில்லை.

முதலில் மாற்று, பிறகு வெட்டு: திருத்தம் இவ்வளவே. மாற்றும்போது ஐந்தரை மணியைக் கையால் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. இடத்தின் பெயரைச் சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும். இந்திய நேரத்துக்குக் கணினிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘ஆசியா/கொல்கத்தா’! சென்னையில் இருந்து எழுதினாலும் நம் ஊர்ப் பெயரையே எழுத வேண்டும்.

இந்தப் பெயரில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொது நேரம் வந்த பின்னும் கல்கத்தா தன் சொந்த நேரத்தை விடவில்லை. ஏறக்குறைய 24 நிமிடம் முந்தியே 1948 வரை நடந்தது. போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன் தள்ளி வைத்தனர். இலங்கையில் 1996 முதல் 2006 வரை வேறு நேரம் வழங்கியது. ஐந்தரையைக் கூட்டுகிறவன் இவற்றையெல்லாம் அறியமாட்டான். இடப்பெயர் அட்டவணை பெரும்பாலும் அறியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் போன்றவற்றுக்கு மணி தேவையில்லை. அவற்றைத் தேதியாக மட்டுமே சேமியுங்கள். நள்ளிரவு 12 மணியென்று சேர்த்துவிட்டால், உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30 ஆகி, பிறந்தநாளே ஒருநாள் முன் போய்விடும்.

இவ்வாண்டு வரவேற்புக் குழுவில் அம்மாணவியும் சேர்ந்திருக்கிறார். பட்டியலை அவரிடம் கொடுத்தபோது, “எல்லாரோட டிக்கெட்டையும் வாங்கி ஒருதடவை ஒத்துப் பார்த்துட்டேன் அண்ணா” என்றார். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. கணக்கு சரியாகவே இருந்தது. மறுநாள் விடியுமுன் வந்த வண்டிக்கு அவரே போய்க் கடிகாரத்தின் கீழே நின்றார்.