பாலையில் ஒரு பொன்னகர்

மற்ற நிலங்கள் வளங்குன்றித் திரிந்த நிலையே பாலை என்று நம் முன்னோர் கருதினர். ஏட்டில் படித்த இக்கருத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு, நிலவியல் முதுகலை மாணவனாகிய எனக்குச் சென்ற குளிர்காலத்தில் கிட்டியது. துறை மாணவர்களுடன் இராசத்தானத்து ஜெய்சல்மேர் நகருக்குச் சென்றிருந்தேன்.

ஜோத்பூரிலிருந்து இரவெல்லாம் இரயில் ஓடியது. விடிந்தபோது எங்கும் மணலும் முட்செடியுமே. அவற்றினிடையே, குன்றின்மேல், மஞ்சட் கல்லால் ஆன கோட்டை! இளவெயில் பட்டதும் அது பொன்னாய் ஒளிர்ந்தது. இராவல் ஜெய்சல் என்னும் மன்னன் 1156-இல் நிறுவியது அது. சிந்துவுக்கும் நடு ஆசியாவுக்கும் செல்லும் ஒட்டக வணிகர் தங்கிச் சென்றதால் நகர் செழித்தது. வணிகர் எழுப்பிய பட்வா மாளிகைகளின் கற்சாளரங்கள் மரத்திற் செதுக்கியவை போலத் தோன்றுகின்றன. கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்களைக் கண்டபோது நம் சிதறால் மலை நினைவுக்கு வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் வாணிகம் தளர்ந்தது. 1947-இல் நாட்டெல்லை குறுக்கிட்டதும் பழைய வழிகள் அடைபட்டன.

அருகே ஆகல் என்னுமிடத்தில் 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று நிழலற்ற இடத்தில் அன்று காடு! நிலம் திரியும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும் என் நெஞ்சில் நின்றது கோட்டையன்று, நீர். அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் மழைதான். 14-ஆம் நூற்றாண்டில் மன்னர் சீர்படுத்திய கடிசர் ஏரி பல நூற்றாண்டுகள் ஊருக்கு நீர் தந்தது. உழவர்கள் சரிவின் அடியில் நீண்ட கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரைத் தேக்குகின்றனர். நீர் வடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமை விளைகிறது. இம்முறைக்குக் 'கடீன்' என்று பெயர்.

ஆனால் குழாய்நீர் வந்தபின் கோட்டைக்குள் கழிவுநீர் பெருகியது. அது அடியிலுள்ள களிமண் அடுக்கில் கசிய, கொத்தளங்கள் சில சரிந்தன. 1996-இல் இடருற்ற சின்னங்களின் உலகப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றது. 2013-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. காக்கும் வேலை எளிதன்று. நூற்றாண்டுகளாக வறட்சியைத் தாங்கிய கோட்டைக்கு நீரே பகையாயிற்று!

தாத்தா காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து கொல்லயிலுக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பக்கத்து மழை ஏறக்குறைய 180 சென்டிமீட்டர். ஒன்பது மடங்கு! இருந்தும் பங்குனியில் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. ஊர்க் குளங்கள் சில தூர்ந்தன, சில தூர்க்கப்பட்டன. எஞ்சிய எங்கள் சிறு குளத்தையும் மூடி, மனையாக விற்று, அக்காவின் திருமணத்தை முடிக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம்.

"மழைக்கு இங்க என்ன பஞ்சம், மக்களே?" என்றார்.

கடீனைப் பற்றிச் சொன்னேன். குளத்து நீர் மண்ணில் ஊறித்தான் நம் கிணற்றுக்கு வருகிறது என்றும் விளக்கினேன். கடன் வாங்கியேனும் திருமணத்தை நடத்துவோம், வேலை கிடைத்ததும் அதை அடைப்பது என் பொறுப்பு என்றேன். அப்பா விடை கூறவில்லை. மனை வாங்க வந்தவரை மறுபடி அழைக்கவும் இல்லை.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஊர்க் குளத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.